கள்ளிக் கிளையும் கடிவாயும்

நாஞ்சில் நாட்டுக் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்பெற்று வந்த கதைகளுள் நீலி கதைக்குத் தனியிடம் உண்டு. தொண்டை நாட்டுப் பழையனூரோடு பிணைந்த இக்கதை, தென்கோடியில் பஞ்சவன்காடு, கள்ளியங்காடு என்னும் நம் பக்கத்து இடப்பெயர்களோடு ஒட்டிக்கொண்டு, மலையாள நாட்டிலும் கள்ளியங்காட்டு நீலியாகப் பரவியிருக்கிறது. இதைப் பேய்க் கதையாகக் கேட்டு அஞ்சியவர் பலர். கொடுத்த வாக்கைக் காத்த பெரியோரின் கதையாகப் போற்றியவரும் பலர். இவ்விரண்டுக்கும் அப்பால் இது ஒரு வழக்கின் கதை என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. தன்னோடு வாழ்ந்தவளைக் கொன்ற ஒருவன். அவன்மீது ஒரு முறையீடு. அதை விசாரிக்க ஓர் அவை. அவையின் முன் வைக்கப்பட்ட பொருள்கள். அப்பொருள்கள் எவ்வாறு எடைபோடப்பட்டன என்ற கேள்வியோடு இக்கதையை மீண்டும் அணுகுவது பயனுடையது.

கதைக்கு வடிவங்கள் பல. தென்னாட்டு வழக்கில் அதன் கரு இது: தன்னை நம்பிக் காட்டு வழியில் உடன்வந்தவளை நகைக்காக ஒருவன் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகிறான்; அவள் நீலியாகிறாள். வணிகன் அவ்வழியே வரும்போது, கள்ளிக் கிளை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அழகிய பெண்ணாக அவனைப் பின்தொடர்கிறாள். ஊர்ப் பெரியவர் எழுபதுபேர் கூடிய அவையில், “இவர் என் கணவர், என்னையும் பிள்ளையையும் கைவிட்டுப் போகிறார்” என்று முறையிடுகிறாள். “இவள் என் மனைவியல்லள், என்னைக் கொல்ல வந்த பேய்” என்று அவன் அலறுகிறான். குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். அது அவனிடம் ஓடி, “அப்பா” என்கிறது. அவை முடிவு செய்துவிடுகிறது. தற்காப்புக்காக அவன் வைத்திருந்த ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டு, “உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை” என்று வாக்களித்து, இருவரையும் ஓர் இடத்தில் தங்கவைக்கிறது. விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதுபேரும் தீப்பாய்கிறார்கள்.

அவையினர் கொடியவர் அல்லர், சோம்பியவரும் அல்லர். இரு தரப்பையும் கேட்டனர். ஒரு சோதனையும் செய்தனர். பின் எங்கே தவறினர்? குழந்தை அப்பா என்றழைப்பது நீலியின் கூற்றுக்குப் பொருந்தியது. ஆனால் அவன் சொன்னதற்கும் அது பொருந்துமே! பேய் என்றால் பொய்க் குழந்தையைப் பேசவைக்கவும் அதற்கு வல்லமை உண்டல்லவா? இரண்டு கதைகளுக்கும் ஒருங்கே பொருந்தும் ஒன்றை, ஒரு கதைக்கு மட்டும் சான்றாக எடுத்துக்கொண்டனர். அவனுடைய ஆயுதத்தையும் அவ்வாறே வாசித்தனர். அஞ்சுகிறவன் கையிலும் ஆயுதம் இருக்கும், கொடியவன் கையிலும் இருக்கும். அவையோ அதில் கொடுமையை மட்டுமே கண்டது. இரக்கம் முதலில் தீர்ப்பளித்தது. சான்று அதன்பின் நடந்து வந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கேட்போராகிய நமக்கு, முற்பிறவியில் அவன் கொலைகாரன் என்பது தெரியும். ஆகவே அவன் மடியும்போது, “பழி தீர்ந்தது” என்று மனம் அமைதி கொள்கிறது. முடிவு சரிதானே, சான்று பொய்யாக இருந்தால் என்ன என்று நம்முள் ஒரு குரல் கேட்கிறது. கதையின் பெருமை, அக்குரலுக்கு அது இணங்காததில்தான் இருக்கிறது. குற்றவாளி செத்தும், பொய்ச் சான்றை நம்பியவர்களைக் கதை தப்பவிடவில்லை, தீக்குழிக்கு அனுப்புகிறது. சரியான முடிவு தவறான சான்றைத் தூய்மைப்படுத்தாது என்பதே நீலி கதையின் அறம் என்பேன்.

அப்படியானால் அந்த எழுபதுபேர் செய்திருக்க வேண்டியது என்ன? விடை மதுரையில் இருக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். இருவரும் சொல்லி முடித்த பின்னரே சிலம்பு உடைக்கப்படுகிறது. உள்ளே முத்து இருந்திருந்தால் கண்ணகி தோற்றிருப்பாள். தோற்கவும் இடமுள்ள சோதனையே சோதனை. கள்ளிக் குழந்தையை வைத்துச் செய்த சோதனையில் நீலி தோற்பதற்கு வழியே இல்லை.

இந்த அளவுகோலோடு நம் காலத்து வழக்கு ஒன்றைப் பார்ப்போம். நமக்கு வடக்கே, பழைய திருவிதாங்கூரின் பகுதியான கொல்லம் மாவட்டத்து அஞ்சலில், 2020 மே 7ஆம் நாள் காலையில் உத்ரா என்னும் இளம்பெண் தன் தாய்வீட்டுப் படுக்கையறையில் இறந்து கிடந்தார். நல்லபாம்பு கடித்திருந்தது. கணவர் சூரஜ் இரவில் அதே அறையில் இருந்தார். அதற்கு முன், மார்ச் 2ஆம் நாள், அடூரில் கணவர் வீட்டில் இருந்தபோது கண்ணாடிவிரியன் கடித்து, பல வாரம் மருத்துவமனையில் கிடந்து மீண்டவர் அவர். அந்த முதற்கடியை யாரும் ஐயத்தோடு பார்க்கவில்லை. நம் ஊர்களைப் போலவே தோட்டமும் புதரும் சூழ்ந்த ஊர். பாம்பு கடிப்பது புதுமையா? இரண்டாம் முறை கடித்தபோதுதான் பெற்றோர் காவல்துறையை நாடினர். ஏறத்தாழ 100 பவுன் நகையும் காரும் பணமுமாகக் கொடுத்து அனுப்பப்பட்ட பெண் என்பது பின்னர் பேசப்பட்டது. நீலியின் காட்டிலும் இதுவே காரணம், நகை.

இவ்வழக்கில் கொலைக் கருவி உயிருள்ள ஒன்று. அதில் கைரேகை பதியாது. நஞ்சு உடலில் இருந்தது உண்மை. ஆனால் தானே வந்து கடித்த பாம்பும் அதே நஞ்சைத்தான் விட்டிருக்கும். எனவே நஞ்சு இரு கதைக்கும் பொருந்துகிறது. அது கள்ளிக் குழந்தை. இரு கதைகளையும் பிரித்துக் காட்டும் பரல் எங்கே?

அதைக் கடிவாயில் தேடினார்கள். அரிப்பாவிலுள்ள வனத்துறைப் பயிற்சி நிலையத்தில், கோழி இறைச்சி பொருத்திய மனித வடிவப் பொம்மையின்மீது உயிருள்ள நல்லபாம்பைக் கொண்டு சோதனை நடத்தப்பட்டது. இயல்பாகக் கடிக்கும்போது இரு பற்குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் தொலைவு. தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்கச் செய்யும்போது அது 2 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தது. உத்ராவின் உடலில் இருந்த இரு கடிகளும் 2 சென்டிமீட்டரைத் தாண்டியவை. இங்கே சிலம்பு உண்மையாகவே உடைக்கப்பட்டது எனலாம். அளவு வேறாக வந்திருந்தால் அரசுத் தரப்பின் கதை ஆட்டம் கண்டிருக்கும்.

எனினும் இந்த அளவையே முழுத் தீர்ப்பாகப் பேசியவர்களோடு நான் உடன்படவில்லை. பாம்புக்குப் பாம்பு தலை வேறு, பல் வேறு; கோழித் தசையும் மனிதத் தசையும் ஒன்றல்ல. அது மட்டுமே இருந்திருந்தால், அதைக்கொண்டு ஒரு மனிதனைத் தண்டிப்பது அஞ்சத்தக்கது. வழக்கைத் தாங்கியது பல கயிறுகளின் முறுக்கு: பாம்புகளை விற்றவர் அப்ரூவராகிக் கூறிய வாக்குமூலம், சூரஜின் கைப்பேசியில் கிடைத்த பாம்புகளைப் பற்றிய தேடல்கள், உடற்கூற்றில் காணப்பட்ட, உறக்கம் தரும் ஒவ்வாமை மருந்தின் கூறு, நல்லபாம்பின் இயல்பு பற்றிய வல்லுநர் சான்றுகள். ஒவ்வொன்றும் தனித்து நின்றால் வேறு விளக்கத்துக்கு இடம் தரும். எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தும் குற்றமற்ற விளக்கம் ஒன்று உண்டா என்பதே கேள்வி. இல்லை என்று கண்ட கொல்லம் கூடுதல் அமர்வு நீதிமன்றம், 2021 அக்டோபர் 11இல் குற்றத்தை உறுதிசெய்து, 13இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. வயதையும் முன் குற்றப் பின்னணி இன்மையையும் கருதி மரண தண்டனையைத் தவிர்த்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1982 சூனில் புனே நகரில், மணமாகிச் சில மாதங்களே ஆன இளம்பெண் ஒருவர் பொட்டாசியம் சயனைடால் இறந்தார். கணவர் சரத் பிர்திசந்த் சார்தாவுக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உடலில் நஞ்சு இருந்தது. கணவரின் நடத்தையும் போற்றத்தக்கதாக இல்லை. ஆயினும் 1984 சூலையில் உச்சநீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நஞ்சு அவர் கைவசம் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. அப்பெண் எழுதிய கடிதங்களில் தெரிந்த மனச்சோர்வு, தற்கொலையாக இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட இடம் தரவில்லை. சூழ்நிலைச் சான்றுக்கான ஐந்து நெறிகளை நீதியரசர் பசல் அலி இத்தீர்ப்பில் வகுத்துப் பஞ்சசீலம் என்றார். நம் தமிழ்நாட்டவரான நீதியரசர் அ. வரதராசனும் அந்த மூவர் அமர்வில் இருந்தார். குற்றம் செய்திருக்கலாம் என்பதற்கும் செய்தே இருக்க வேண்டும் என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு நெடியது. அதை ஊகத்தால் கடக்கக்கூடாது என்பதே அந்நெறிகளின் சாரம்.

“நான்கு சுவருக்குள் நடந்ததை வேறு யார் கண்டார்? இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கணவனையும் தண்டிக்க முடியாதே” என்று வாசகர் வினவலாம். நியாயமான கேள்வி. சட்டமும் அதை அறியும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியை அவரே விளக்க வேண்டும் என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 109ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் அரசுத் தரப்பு தன் அடித்தளத்தை முதலில் இட்டாக வேண்டும். கணவனின் மௌனம் அக்கட்டடத்தின் மேல் வைக்கும் கல்லாகலாம், அடிக்கல் ஆகாது.

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. தீர்ப்பு வழங்க நடுவருக்கு அறநெறி உறுதி வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1608ஆம் விதி. அவ்வுறுதியை, 1942இல் ரோமை ரோட்டா நீதிமன்றத்தாருக்கு ஆற்றிய உரையில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், முழுமையான உறுதிக்கும் வெறும் வாய்ப்புக்கும் நடுவே வைத்தார். நியாயமான ஐயத்துக்கு இடமில்லாத நிலை அது. கணித உண்மை போன்ற உறுதியைக் கேட்டால் எவரையும் தண்டிக்க முடியாது. வெறும் வாய்ப்போடு நிறைவடைந்தால் எவரையும் தண்டித்துவிடலாம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது கோழைத்தனமன்று, கடுமையான உழைப்பு.

அவ்வுழைப்பு நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு வீட்டில் பெண் இறந்தால், உடல் அடக்கமாகும் முன்பே தெருமுனையில் இரு தீர்ப்புகள் எழுகின்றன. “விதி முடிந்தது, பாம்பு கடித்தது, இதற்குமேல் கிளறாதீர்கள்” என்பது ஒன்று. “அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?” என்பது மற்றொன்று. இரண்டும் சான்றைத் தேடும் வேலையிலிருந்து நம்மை விடுவித்துக்கொள்ளும் வழிகளே. முதலாவது, உத்ராவின் மார்ச் மாதக் கடியை அளக்காமல் விட்டது; அளந்திருந்தால் மே மாதம் அவர் உயிரோடு இருந்திருக்கலாம். இரண்டாவது, குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரைத் தூக்குமரத்தடி வரை கொண்டுபோனது.

பொருள்கள் தாமாகப் பேசுவதில்லை. சிலம்பை உடைத்தால் அது பேசும். கடிவாயை அளந்தால் அது பேசும். நாம் விரும்பியதைச் சொல்லுமாறு இடுப்பில் ஏந்திச் சென்றால் கள்ளிக் கிளையும் “அப்பா” என்றே அழைக்கும். வில்லுப்பாட்டில் அந்த எழுபதுபேரும் தீக்குழியை நோக்கி நடக்கும் இடம் வரும்போது, அவர்கள் வாக்குத் தவறாதவர்கள் என்று மட்டும் போற்றி நிறுத்திவிட வேண்டாம். அவர்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியையும் சேர்த்தே நினைப்போம்.