பெயரைத் திருப்பிக் கொடுப்பது யார்?

நம் பங்கின் எல்லைக்குள் உள்ள மகளிர் கல்லூரி ஒன்றிலிருந்து அண்மையில் அழைப்பு வந்தது. முதுகலை ஆங்கில இலக்கிய மாணவியர் ஒரு நாடகத்தைப் பற்றிக் கலந்துரையாடப் போகிறார்கள். ஒழுக்கநெறி பற்றிய கேள்விகள் எழும். வந்திருந்து ஒரு முடிவுரை கூற வேண்டும் என்பது பேராசிரியையின் வேண்டுகோள். குருமடத்தில் இறையியல் பயின்றவரிடம் இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் விடை இருக்கும் என்று அவர் எண்ணியிருக்கலாம். விடை சொல்லச் சென்ற நாம் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தோம். அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நாடகம், கிரீஷ் கர்னாட் எழுதிய 'புரோக்கன் இமேஜஸ்'. கன்னடத்தில் 'ஒடகலு பிம்ப'. 'உடைந்த பிம்பங்கள்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 2005இல் பெங்களூரு ரங்க சங்கரா அரங்கில் இரு மொழிகளிலும் மேடையேறியது. கர்னாட் 1998இல் ஞானபீட விருது பெற்ற நாடகாசிரியர்; 2019இல் மறைந்தார். நம் மக்களில் பலருக்கு அவர் 1994இல் வெளிவந்த 'காதலன்' திரைப்படத்தின் ஆளுநர். 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரில் சிறுவன் சுவாமியின் தந்தை. ஆக, தொலைக்காட்சி தரும் புகழை அவர் வெளியே நின்று பழித்தவர் அல்லர். உள்ளே இருந்து அறிந்தவர்.

கதை

மஞ்சுளா நாயக் ஆங்கில விரிவுரையாளர். கன்னடத்தில் சிறுகதைகள் எழுதி வந்தவர். திடீரென்று அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் உலகப் புகழ் பெறுகிறது, முன்பணம் கொட்டுகிறது. அந்நாவலைத் தழுவிய தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பாகும் முன் நேயர்களிடம் சில நிமிடங்கள் பேச நிலையத்துக்கு வருகிறார். தாய்மொழியை விட்டு ஆங்கிலத்தில் எழுதியது ஏன்? நல்ல உடல்நலமுள்ளவர், நடமாட இயலாத ஒரு பெண்ணின் உள்ளத்தை இவ்வளவு நுட்பமாக எழுதியது எப்படி? இரண்டுக்கும் விடை வைத்திருக்கிறார். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து மறைந்த தங்கை மாலினியைப் பேணியபோது கண்டதையே எழுதினேன் என்று கண்கலங்குகிறார். பேச்சு முடிகிறது. புறப்பட எழுகிறார். திரையில் இருக்கும் அவருடைய பிம்பம் மட்டும் அணையவில்லை. அது அவரைப் பார்க்கிறது, பேசுகிறது, கேள்வி கேட்கிறது.

அதன்பின் நாடகம் முழுவதும் மஞ்சுளாவும் அவர் பிம்பமுமே. ஒரே நடிகைதான் இரண்டும். பிம்பத்தின் பேச்சு முன்னரே பதிவு செய்யப்பட்டது. மேடையில் நிற்பவர் அதன் இடைவெளிகளுக்குள் தம் விடைகளைப் பொருத்த வேண்டும். பிம்பம் அவருக்காகக் காத்திருப்பதில்லை. மனச்சான்று என்பதும் அப்படித்தானே என்று நமக்குத் தோன்றியது.

கேள்விகள் மெல்லத் தோலுரிக்கின்றன. பெற்றோரின் அன்பு மாலினியைச் சுற்றியே இருந்தது. மஞ்சுளா பாட்டி தாத்தாவிடம் தார்வாடில் விடப்பட்டவர். கணவருக்கும் தங்கைக்கும் இடையே வளர்ந்த நெருக்கம் அவரை அரித்திருக்கிறது. இறுதியில் உண்மை வெளிவருகிறது. நாவலை எழுதியவர் மாலினி. தங்கை இறந்தபின் கிடைத்த தட்டச்சுப்படியைத் தமதென்று சொல்லி வெளியிட்டவர் மஞ்சுளா. அந்த நாவலில் வரும் ஈரமற்ற பெண் தாமே என்று கண்டுகொண்ட பிறகும் அதன்மீது தம் பெயரைப் பொறித்துக்கொண்டார் என்பதுதான் கொடுமையின் உச்சம்.

தாய்மொழி எழுத்தாளருக்குக் கிட்டாத பணமும் மதிப்பும் ஆங்கில எழுத்தாளருக்குக் கிட்டும் நிலையைக் கர்னாட் எள்ளி நகையாடுவதும் உண்டு. எனினும் அன்று வகுப்பில் மொழிச் சிக்கல் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாணவியர் மஞ்சுளாவிடமே திரும்பத் திரும்ப வந்தனர்.

வகுப்பு

முதலில் பேசியவர்கள் தொலைக்காட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். ஒளிவிளக்கின்முன் நிற்பவர் பொய் சொல்லாமல் இருக்க இயலாது என்றார் ஒருவர். மற்றொருவர் அதை மறுத்தார்: "பொய் அச்சகத்திலேயே தொடங்கிவிட்டது. தொலைக்காட்சி அதற்கு முகம் கொடுத்தது, அவ்வளவுதான்." சரியான விடை என்றே எண்ணினோம்.

மூன்றாமவர் துணிவாக ஒரு வழக்கை எடுத்துவைத்தார். மஞ்சுளா வெளியிட்டிராவிட்டால் அந்தத் தட்டச்சுப்படி செல்லரித்துப் போயிருக்கும். மாலினி எழுதியது உலகுக்குக் கிடைத்ததே, அது நன்மை இல்லையா என்றார். வகுப்பில் பாதிப்பேர் தலையசைத்தனர். நன்மைக்காகத் தீமை செய்யலாகாது என்ற பழைய பாடம் நம் நாவின் நுனி வரை வந்தது. அதற்குள் வேறொருவர், "வெளியிட்டது நன்மைதான். அட்டையில் மாலினி என்று போட்டிருந்தாலும் அதே நன்மை கிடைத்திருக்குமே?" என்று கேட்டுவிட்டார். இறையியல் அங்கே தேவைப்படவில்லை.

பிறகு நாடகத்தின் முடிவுக்கு வந்தனர். இறுதிக் காட்சியில் பிம்பம் தன்னை மாலினி என்றே அறிவிக்கிறது. கூடத்தின் எல்லாத் தொலைக்காட்சித் திரைகளிலும் அதே முகம், பல மொழிகளில் ஒரே நேரத்தில் பேச்சு, காது அடைக்கும் இரைச்சல், பின் இருள். இது நீதியின் வெற்றி என்பதே வகுப்பின் பொதுக் கருத்து. மறைக்கப்பட்டவள் திரும்பி வந்துவிட்டாள். பொய் சொன்னவளை விழுங்கிவிட்டாள் என்றனர். பேராசிரியையும் அதை ஏற்பது போலிருந்தது.

அதுவரை வாய் திறவாத ஒரு மாணவி கடைசி வரிசையில் எழுந்தார். "ஒரு மணி நேரமாக மஞ்சுளாவைப் பற்றியே பேசியிருக்கிறோம். மாலினி மேடைக்கே வரவில்லை. கடைசியில் 'நான் மாலினி' என்பதும் மஞ்சுளாவின் முகம்தான், மஞ்சுளாவின் வாய்தான். முதலில் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது பெயர் ஒன்று. அதையும் எடுத்துக்கொண்டாள்." சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார்.

வகுப்பு அமைதியானது. நம் முடிவுரையைப் பையிலேயே வைத்துக்கொண்டோம்.

நாம் எண்ணிப் பார்த்தது

அந்த மாணவியின் வாசிப்பே நாடகத்துக்கு நெருக்கமானது என்பது நம் துணிபு. மஞ்சுளாவின் ஒப்புதலை யார் கேட்டார்கள்? நேயர்கள் கேட்கவில்லை, நூலை விலைகொடுத்து வாங்கியவர்கள் கேட்கவில்லை. ஆளில்லாக் கூடத்தில் ஒருவர் தம்மிடமே சொல்லிக்கொண்ட உண்மை அது. அதனால் அட்டையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மனம் கனம் இறங்கிற்று. களவு அப்படியே இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியும் மறைவானதுதானே என்று வாசகர் கேட்கலாம். உண்மை. ஆனால் அங்கே சொல்வதோடு காரியம் முடிவதில்லை. களவாடியதைத் திருப்பித் தரவேண்டும், பிறர் நற்பெயருக்கு இழைத்த கேட்டை ஈடுசெய்ய வேண்டும் என்பது திருச்சபையின் நெடுநாளைய போதனை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அதை வலியுறுத்துகிறது. சக்கேயு மரத்திலிருந்து இறங்கியபின் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்கு என்று அவர் கணக்குச் சொன்னதாகவே எழுதுகிறார்.

கர்னாட் இந்தக் கணக்கை எழுதாமல் விட்டது நாடகத்தின் குறையா? நமக்கு முதலில் அப்படித்தான் பட்டது. ஒளியும் ஒலியுமாக வரும் முடிவு காண்போரைத் திகைக்க வைத்து, கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மறக்கச் செய்கிறது. ஒரு வகுப்பே மறந்திருந்ததை நேரில் கண்டோம். எனினும் ஒருவருக்கு அது மறக்கவில்லை. திருப்பிக் கொடுத்தலை மேடையில் காட்டியிருந்தால் நாம் நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம். அவர் காட்டவில்லை, அது நம் கையில் வந்து விழுகிறது.

நம் கையில் உண்மையாகவே விழுந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நூற்றாண்டு விழா மலர் வெளியிட்டோம். அதில் பங்கின் வரலாறு நம் பெயரில் வந்தது. பலரும் பாராட்டினர். அதன் சரக்கு முழுவதும் அங்கிருந்த முதிய உபதேசியாருடையது. ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கல்லறைகளையும் பார்த்து, முதியோரிடம் கேட்டு, 4 நோட்டுப் புத்தகங்களில் அவர் எழுதி வைத்திருந்தார். நாம் செய்தது நடையைத் திருத்தியது மட்டுமே. முன்னுரையில் 'உதவிய அனைவருக்கும் நன்றி' என்று ஒரு வரி. மலர் வெளிவந்த அன்று அவரே வந்து, நன்றாக எழுதியிருக்கிறீர்கள் சாமி என்று வாழ்த்திவிட்டுப் போனார். இன்று அவர் இல்லை.

இதை இங்கே எழுதுவதும் ஒரு மேடையே என்பதை உணர்கிறோம். அவர் பெயரை இவ்விடத்தில் அச்சிட்டு நம் நேர்மைக்கு அணி சேர்த்துக்கொள்ள விரும்பவில்லை. அது இருக்க வேண்டிய இடம் அந்த மலரில், அந்தக் கட்டுரையின் தலைப்பின் கீழ். அங்குள்ள பங்குத்தந்தைக்கும் உபதேசியாரின் குடும்பத்துக்கும் கடிதம் எழுதிவிட்டோம். பங்கு அலுவலகத்தில் உள்ள படியில் நம் பெயரை அடித்து அவர் பெயரை எழுதவும், ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் அதைச் சொல்லவும் கேட்டிருக்கிறோம். நம்மிடம் இருந்த படியில் நாமே எழுதிவிட்டோம். எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.