அடியப் பாருங்க, தம்பி!

மூணாந்தரம்! டொக்!

அந்த ஒற்றைச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மரச் சுத்தியல் மேசையில் பட்ட அந்தக் கணத்தில், ரெட்டைக் கைப்பிடியும் ஒரு முழ உயரமும் நூறு வருசத்துக் கறுப்பும் கொண்ட ஒரு வெற்றிக் கிண்ணம் எனக்குச் சொந்தமாகிவிட்டது. 18,500 ரூபா! கை நடுங்குகிறது, தொண்டை வரள்கிறது, பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாமல் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன், அவரும் சிரித்துக்கொண்டே குலுக்குகிறார். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்றுகூட என் நெஞ்சு இப்படி அடித்ததில்லை, சத்தியமாக.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு என்னோடு வாருங்கள். கண்டி டவுனிலிருந்து ஹந்தானைப் பக்கம் ஏறும் பாதை. காலை ஒன்பது மணி. ஓட்டோ முக்கி முனகி வளைவுகளில் திரும்பத் திரும்பக் கீழே வாவி ஒரு தரம் தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. மேலே போனால் பழைய பங்களா ஒன்று. விறாந்தை முழுக்க மேசைகள். மேசை முழுக்கச் சாமான்கள். பித்தளைப் படிக்கம், சாவி கொடுக்கும் மணிக்கூடு, மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு வரிசை வெள்ளிக் கரண்டிகள், மான் கொம்பு, பீங்கான் கோப்பைகள், அதற்கப்பால், கிழக்கு வெயில் நேராக விழுகிற மூலையில், கிண்ணங்கள்! பெரிசு, சிறிசு, மூடி உள்ளது, மூடி தொலைந்தது, கேடயம், குவளை என்று இருபதுக்கு மேல். எனக்கு அங்கேயே கால் ஓடவில்லை. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஒரு கப்பைக்கூடத் தொட்டுப் பார்க்கக் கொடுத்துவைக்காத பிள்ளை நான். அதிபரின் அறையில் கண்ணாடி அலுமாரிக்கு வெளியே நின்று மூக்கை அழுத்திப் பார்த்த ஆசை, இந்த வயதிலும் அப்படியே உள்ளே கிடந்திருக்கிறது போல.

இந்தப் பைத்தியத்துக்கு எனக்குக் குரு ஒரு நானா. பேராதனை வீதியில் பழஞ்சாமான் வியாபாரத்திலேயே தலை நரைத்தவர். ஏலத்துக்கு முதல் நாள் பார்வை நாள் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் போய்ச் சாமானைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். அன்று நான் கிண்ணங்களின் பளபளப்பில் வாய் பிளந்து நின்றபோது நானா தோளில் தட்டிச் சொன்னார்: "மேலப் பாக்காதீங்க, அடியப் பாருங்க, தம்பி!"

அடியில்தான் இருக்கிறது ஒரு முழு உலகமே! பொட்டுப் போல சின்னச் சின்ன முத்திரைகள். நடந்துபோகும் சிங்கம் இருந்தால் அது நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு சுத்தமான இங்கிலாந்து வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அந்த எழுத்தையும் அதன் வடிவத்தையும் வைத்தே எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம். நம்புவீர்களா, ஒரு கிண்ணம் தன் பிறந்த ஊரையும் பிறந்த வருசத்தையும் பாதத்திலேயே எழுதி வைத்திருக்கிறது! என் கிண்ணத்தின் அடியில் சிங்கம் இல்லை. ஈ.பி.என்.எஸ். என்ற நாலு எழுத்து மட்டும். அதன் விரிவில் சில்வர் என்று வரும், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், மேலே மின்சாரத்தால் படியவைத்த மெல்லிய வெள்ளித் தோல். 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் கம்பெனி காப்புரிமை பெற்ற வித்தை அது. அந்த வித்தை வந்த பிறகுதான் உலகத்தின் மூலை முடுக்கில் இருந்த கிளப்புகளுக்கெல்லாம் கிண்ணம் கொடுப்பது கட்டுப்படியானது. சிங்கம் இல்லையே என்று எனக்கு ஒரு துளி வருத்தமும் வரவில்லை. ஒரு கைப்பிடி லேசாக ஆடுகிறது, வயிற்றில் ஒரு நசுங்கல், அதுவும் எனக்கு அழகுதான்.

இவ்வளவு கிண்ணங்கள் கண்டிப் பக்கத்தில் எப்படி வந்து சேர்ந்தன? யோசித்துப் பாருங்கள். துரைமாரின் தோட்டக்காரர் சங்கம் 1854இல் கண்டியில்தான் பிறந்தது. 1867இல் லூல்கந்தூரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். அடுத்த வருசமே தரவளையில் துரைமாரின் கிளப். அவர்களின் துப்பாக்கிப் படைக்குக்கூடத் தலைமையகம் கண்டிதான். வாரம் முழுக்க மலையில் தனியாகக் கிடந்த மனிதர்கள் சனிக்கிழமை வந்தால் டென்னிஸ், கிரிக்கெட், றக்பி, குதிரைப் பந்தயம், குறி பார்த்துச் சுடுவது, பூக்காட்சி என்று இறங்கிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு கிண்ணம்! பிறகு சுதந்திரம் வந்தது, 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது, துரைமார் பெட்டி கட்டினார்கள். பெட்டியில் அடங்காததெல்லாம் கைமாறிக் கைமாறிக் கண்டிக் கடைகளுக்கும் ஏல மேசைகளுக்கும் இறங்கி வந்தது.

ஏல நாள். நாற்காலிகள் நிரம்பி, பின்னால் நிற்கவும் இடமில்லை. கையில் இலக்க அட்டை. வியர்வையில் அதன் ஓரம் நெகிழ்ந்தே போய்விட்டது! ஏலக்காரர் சிங்களத்தில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம், எங்கள் பக்கம் திரும்பினால் தமிழிலும் ஒரு தரம் விலை கூறுகிறார், அந்த வேகமும் ராகமும் கோயில் திருவிழாவில் உடுக்கடித்துப் பாடுவது போல ஆளைக் கிறுகிறுக்க வைக்கிறது.

முதலில் வந்தது ஒரு சுண்ணாம்புச் சிமிழ். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! சட்டைப்பை மணிக்கூடு அளவு, அதே வட்டம், அதே தடிப்பு. பித்தளையில் மயிரிழை மயிரிழையாக வெள்ளி பதித்துப் பூவும் கொடியும். மெல்லிய சங்கிலி, அதன் நுனியில் சுண்ணாம்பு தொட்டெடுக்கக் குண்டுமணி அகலத்தில் ஒரு கரண்டி. முதல் நாள் நான் மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே காய்ந்த சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது! எந்தக் காலத்து விரல் கடைசியாகத் தொட்டதோ! ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ஒரு பெரிய நூல் இப்படிப்பட்ட கண்டிக் கைவினைஞர்களைக் கொண்டாடத்தான் எழுதப்பட்டது என்பது அந்தச் சிமிழை உள்ளங்கையில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. விலை என் கைக்கு எட்டாமல் பறந்தது. போகட்டும், அதைத் தொட்ட விரல் என்னிடம் இருக்கிறது!

நான் சோர்ந்திருப்பதைப் பார்த்து நானா காதோரம் குனிந்தார். "கண்டியின்ட பெரிய ஏலம் கண்டியில நடக்கல்ல, தம்பி. லண்டன்ல நடந்திச்சி."

உண்மைதான். 1815இல் கண்டி விழுந்து, நாயக்கர் வம்சத்துக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்ட பிறகு, அவனுடைய நகைகளும் அணிகலன்களும் 1820இல் லண்டனில் ஏலம் போயின. இன்று அவற்றில் எது எங்கே, யார் வீட்டு அலுமாரியில்! ஆனால் எல்லாமே தொலைந்துவிடவில்லை, அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. சிம்மாசனமும் கிரீடமும் 1934இல் திரும்பி வந்தன. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து அள்ளிப் போன, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த அந்தச் சின்னப் பீரங்கி ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2023இல் தங்க வாள், வெள்ளி வாள், கத்தி, இரண்டு துப்பாக்கிகளோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தது. நான் பஸ் ஏறிப் போய்க் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசை நீண்டுவிட்டது. 258 வருசம் கழித்து ஒரு பொருள் வீடு திரும்பும் என்றால் எது திரும்பாது!

சரி, என் கிண்ணத்துக்கு வருகிறேன். "ஐயாயிரம்!" நான் அட்டையைத் தூக்கினேன். முன் வரிசையில் ஒருவர் ஏழு. நான் எட்டு. அவர் பத்து. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து! எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை பத்தாயிரம்தான், அது எப்போதோ பின்னால் போய்விட்டது, நானா என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், நான் திரும்பவே இல்லை. 2020இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. உதைபந்தாட்டக் கிண்ணம், 1896 முதல் 1910 வரை வென்றவர்கள் தூக்கிய அதே கிண்ணம், ஏலத்தில் 7,60,000 பவுணுக்குப் போனது. அதற்கு முந்திய கிண்ணம் 1895இல் பர்மிங்ஹாமில் ஒரு கடைக் கண்ணாடியிலிருந்து களவு போய்க் கடைசிவரை அகப்படவில்லை. உலகமே கிண்ணங்களுக்காக இப்படித் தவிக்கும்போது நான் பதினெட்டாயிரத்து ஐந்நூறு சொல்லக் கூடாதா? சொன்னேன். முன் வரிசைக்காரர் தலையை ஆட்டிவிட்டு அட்டையை மடியில் வைத்தார். ஒரு தரம். ரெண்டு தரம். மூணாந்தரம்! டொக்!

பழைய தினகரன் பேப்பரில் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேப்பரை அவிழ்த்தேன். இப்போதுதான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். கிண்ணத்தின் நடு வயிற்றில் வென்றவரின் பெயர் இருந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. வருசத்தில் 191 வரைக்கும் தெரிகிறது, கடைசி இலக்கம் இல்லை. ஆனால் கைப்பிடியின் உள் மறைவில், விரல் நுழையாத இடுக்கில், டென்னிஸ், ஆண்கள் இரட்டையர் என்ற ஆங்கில எழுத்துகள் நேற்று வெட்டியது போலக் கூர்மையாக நிற்கின்றன. துணி போகும் இடமெல்லாம் எழுத்து கரைந்திருக்கிறது, துணி போகாத இடத்தில் எழுத்து பிழைத்திருக்கிறது. வெள்ளித் தோலும் தேய்ந்து நடுவில் மங்கல் மஞ்சள் தெரிகிறது.

அம்மா வந்தார். கிண்ணத்தைத் தூக்கினார். ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நடு வயிற்றில் வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். "அம்மா, தேய்க்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை. "எங்கப்பா இப்பிடித்தான் தேய்ப்பாரு, ராசா. பங்களாவுல சனிக்கெழம சனிக்கெழம இதுதான் அவருக்கு வேல. ராத்திரி லயத்துக்கு வந்தாருன்னா கையில அந்த பிராசோ வாசம்தான் வீசும். நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும். தேசிக்கா போட்டுத் தேச்சிட்டுத்தான் சோத்துல கை வைப்பாரு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! பதின்மூன்று வயதில் பங்களாப் பொடியனாகச் சேர்ந்து அப்புவாகவே ஓய்ந்த என் தாத்தா! இது அவர் துடைத்த கிண்ணம்தான் என்று நான் சொல்லவில்லை, எந்தத் தோட்டத்துக் கிண்ணமோ, எந்தப் பங்களா அலுமாரியில் இருந்ததோ. ஆனால் அவரைப் போல ஒருவர், நம்மில் ஒருவர், வாரம் தவறாமல், வருசக்கணக்கில், இதே வட்டத்தில் துணியை ஓட்டியிருக்கிறார், அந்த விரல்கள்தான் வென்ற துரையின் பெயரை மெல்ல மெல்லக் கரைத்துத் தங்கள் தடத்தை அங்கே விட்டுப் போயிருக்கின்றன, இன்று நான் என் பெருவிரலை அந்த வழவழப்பில் வைக்கும்போது துரையின் பெயர் தட்டுப்படவில்லை, அந்தத் துடைத்த கைதான் தட்டுப்படுகிறது, குளிர்ந்த உலோகத்துக்குள்ளிருந்து ஒரு சூடு ஏறுவது போல இருக்கிறது, அம்மா கண்ணைத் துடைக்கிறார், நான் கிண்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன், 18,500 ரூபாவா, ஐம்பதாயிரம் கேட்டிருந்தாலும் கடன்பட்டாவது கொடுத்திருப்பேன்!

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை போய் வந்துவிட்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அலுமாரியைத்தான் கண் தேடுகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பெரியவர்கள் வீட்டிலோ தோட்டத்திலிருந்து வந்த கிண்ணமோ தட்டோ வெற்றிலைச் செப்போ இருந்தால் தயவுசெய்து பிராசோவை எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். அது யார் கொடுத்தது, எந்தத் தோட்டம், யார் துடைத்தது என்று வீட்டில் மூத்தவரிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். அரசர் காலத்துப் பொருள் என்று சந்தேகம் வந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்குக் காட்டுங்கள், அனுமதியில்லாமல் அவற்றை நாட்டைவிட்டுக் கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்காது. யானைத் தந்தச் சாமான் விற்பனைக்கு வந்தால் தொடவே தொடாதீர்கள். கண்டிப் பக்கம் எங்காவது ஏலம் என்று கேள்விப்பட்டால் பார்வை நாளிலேயே போய்விடுங்கள். வாங்கக் காசு வேண்டும், பார்க்கக் காசு வேண்டாம். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, முதலில் அடியப் பாருங்க.