முகத்துக்கு ஏற்ற மகுடம்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சுவர்களில் உள்ள பல உருவங்களுக்கு இன்று மூக்கு இல்லை. கண்ணும் உதடும்கூட இல்லை. 1,300 ஆண்டு உப்புக்காற்று அவற்றை வழித்தெடுத்துவிட்டது. ஆனாலும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இவர் திருமால், இவர் சிவன், இவள் தேவி என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. காட்டிக்கொடுப்பது தலைக்கோலம்தான். உருளையாக நிமிர்ந்த கிரீடம், அள்ளி முடிந்த சடை, மேலே போகப் போகச் சிறுக்கும் மகுடம், கனத்த அணி தொங்கும் காது. முகம் தேய்ந்த பிறகும் அதன் புறக்கோடு தேயாமல் நிற்கிறது.

முகத்துக்கு எந்த அலங்காரம் பொருந்தும் என்ற கேள்விக்கு நான் அறிந்த நல்ல பதில் இந்தக் கடற்கரையில் இருக்கிறது. கண்ணாடி முன் நிற்கும்போது நாம் மூக்கைத் தனியாக, கன்னத்தைத் தனியாக, நெற்றியைத் தனியாகப் பார்த்துக் கவலைப்படுகிறோம். சிற்பி அப்படிப் பார்ப்பதில்லை. முகம், அதன்மேல் எழும் முடி, இரு பக்கமும் தொங்கும் காதணி எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரே வடிவம். அந்த வடிவம் சரியாக வந்துவிட்டால் உள்ளே இருக்கும் கண்ணும் மூக்கும் தாமாகவே அழகாகிவிடும்.

மூன்று மகுடங்களை அடையாளம் தெரிந்துகொண்டு போனால் மாமல்லபுரத்தில் பார்க்க இரண்டு மடங்கு இருக்கும். கிரீட மகுடம் திருமாலுக்கு உரியது. அரசர்களும் உயர்ந்த மகுடம் அணிவார்கள். ஜடா மகுடம் சிவனுக்கும் பிரம்மனுக்கும். அது உலோகம் அல்ல, முடியையே மகுடமாகக் கட்டுவது. கரண்ட மகுடம் தேவியருக்கும் பரிவார தெய்வங்களுக்கும். கவிழ்த்த கிண்ணங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவைத்தது போல் இருக்கும். மூன்றும் முகத்துக்கு மூன்று வேறு காரியங்களைச் செய்கின்றன. கிரீடம் முகத்தின் அகலத்தை அப்படியே மேலே ஏற்றி, ஆளை நெடியவராக்குகிறது. ஜடை விளிம்பில் நெகிழ்ந்திருப்பதால் முகத்தின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. கரண்டம் கன்னத்தில் தொடங்கும் வளைவை உச்சியில் ஒரு புள்ளிக்குக் கொண்டுபோய், நிறைந்த கன்னத்தையும் மெலிதாகக் காட்டிவிடுகிறது.

இதை ஒரே கல்லில் பார்க்க வேண்டுமானால் ஐந்து ரதங்களில் உயரமான தர்மராஜ ரதத்துக்குப் போகவேண்டும். அதன் தரைத்தள மூலைகளில் அர்த்தநாரி ஒன்றில் நிற்கிறார், ஹரிஹரர் இன்னொன்றில். அர்த்தநாரியின் வலப்பாதித் தலையில் சடைமுடி, இடப்பாதியில் கரண்ட மகுடம். முகம் ஒன்றுதான். நெற்றியை நடுவில் பிளந்து ஆண் பாதிக்கு ஒரு தாடையும் பெண் பாதிக்கு வேறொரு தாடையும் வைக்கச் சிற்பி முனையவில்லை. உங்கள் உள்ளங்கையை நீட்டி இடப்பாதியை மறைத்துப் பாருங்கள்; பிறகு வலப்பாதியை மறைத்துப் பாருங்கள். ஒரே கன்னம் ஒரு பக்கம் உறுதியாகவும் மறுபக்கம் குழைவாகவும் தெரியும். ஹரிஹரரிடமும் இதே வித்தைதான்: ஒரு பாதி சடை, ஒரு பாதி கிரீடம். முகத்தைத் தொடாமலே முகத்தை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் எங்கும் பார்த்ததில்லை.

தெய்வ முகம் என்பதால் எல்லாம் பொருந்துகிறது என்று யாரும் சொல்லலாம். அவர்களை வராக மண்டபத்துக்கும் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கும் அழைத்துப்போக வேண்டும். பன்றி முகத்தில் மோவாய் இல்லை, மூக்கு முன்னால் நீண்டு கிடக்கிறது. அதன்மேல் ஒரு கிரீடத்தை நேராகக் குத்திவைத்தால் கேலிக்கூத்தாகிவிடும். சிற்பி தலையைப் பக்கவாட்டில் திருப்பி, தொடையில் இருக்கும் பூதேவியை நோக்கி முகத்தை வைத்தார். நீண்ட மூக்கு இப்போது குறை அல்ல. தேவியைச் சேரும் வழி. எருமைத் தலை மகிஷனையும் கவனியுங்கள். அவன் பின்வாங்குகிற எதிரி. ஆனால் அவனுக்கும் தலையணி உண்டு, மேலே குடை உண்டு. கொம்புகளை மறைக்கச் சிற்பி எதுவும் செய்யவில்லை. அவற்றுக்கு இடமளித்தே அலங்காரம் செய்திருக்கிறார். அதே காட்சியில் துர்க்கையைச் சுற்றி நிற்கும் பூதகணங்களுக்கு உருண்டை முகம், குட்டை உடல். உயர்ந்த மகுடம் எதையும் அவர்கள் தலையில் ஏற்றவில்லை. அவர்களுடைய களிப்பு அந்த உருண்டையில்தான் இருக்கிறது என்று சிற்பிக்குத் தெரியும்.

தெய்வங்களை விட்டு மனிதர்களிடம் வந்தால் ஆதிவராகர் குகைக் கோயில். இன்றும் வழிபாடு நடக்கும் கோயில் அது. உள்ளே இரண்டு பல்லவ அரச குடும்பங்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிம்மவிஷ்ணு என்று பெயர் பொறித்த உருவம் அமர்ந்திருக்கிறது, இரு பக்கமும் அரசியர் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் மகேந்திரன் நின்றபடி அரசியின் கையைப் பற்றியிருக்கிறான். நீள்வட்ட முகம், நிறைந்த கன்னம், மெலிந்த நெடிய உடல் என்ற பல்லவச் சாயலை இங்கே மனித உருவத்தில் பார்க்கலாம். கிருஷ்ண மண்டபத்துக்குப் போனால் மகுடமே இல்லாத தலைகள்: பால் கறக்கும் ஆயர், தலையில் சுமை ஏற்றிய ஆய்ச்சியர். சுமையைத் தாங்கும் கழுத்து நிமிர்ந்திருப்பதால் அந்த எளிய முகங்களுக்கு ஒரு கம்பீரம் வருகிறது. தலைக்கோலத்தில் பாதி வேலையைக் கழுத்தே செய்கிறது என்று அவர்களைப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது.

சிற்பிகளுக்கு இதற்கெல்லாம் அளவு உண்டு. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் இன்றும் அந்த அளவைக் கற்றுத்தருகிறார்கள். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதி நெடுங்காலம் தலைமை வகித்த கல்லூரி அது. அளவின் பெயர் தாளம். மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை ஒரு தாளம்; அது 12 அங்குலமாகப் பிரியும். இந்த அங்குலம் அளவுநாடாவின் அங்குலம் அல்ல. சிலையின் அளவிலிருந்தே பிறப்பது. நவதாளம் என்றால் உடல் முழுதும் 9 தாளம், 108 அங்குலம். மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். பூதகணங்களுக்கு வெகு குறைவு. எல்லா உருவத்துக்கும் ஒரே அளவு என்று சாஸ்திரம் சொல்லவில்லை. குட்டைக்கும் ஒரு இலக்கணம் உண்டு, நெட்டைக்கும் ஒரு இலக்கணம் உண்டு.

இந்த அளவை உங்கள் முகத்திலேயே வைத்துப் பார்க்கலாம். மணிக்கட்டை மோவாயில் வைத்து விரல்களை நெற்றியை நோக்கி நீட்டினால், நடுவிரல் நுனி ஏறக்குறைய மயிர் தொடங்கும் இடத்தைத் தொடும். பிறகு முகத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மயிர் விளிம்பிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கு நுனி, மூக்கு நுனியிலிருந்து மோவாய். சிற்பியின் இலக்கணத்தில் மூன்றும் சமம், ஒவ்வொன்றும் 4 அங்குலம். நம்மில் பலருக்கு ஏதாவது ஒன்று கூடும், ஒன்று குறையும். அந்தக் கூடுதல் குறைவுதான் உங்கள் சாயல். உங்கள் அம்மாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்தது.

அடுத்தது அகலம். முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு நெற்றி, கன்ன எலும்பு, தாடை மூன்றின் அகலத்தையும் தையல் டேப்பால் அளந்து, முகத்தின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாகி, தாடை மென்மையாக இருந்தால் வட்ட முகம். மூன்று அகலமும் ஒன்றாகி, தாடையில் கோணம் தெரிந்தால் சதுர முகம். நெற்றி அகன்று மோவாய் குறுகினால் இதய வடிவம். நீளம் அகலத்தைவிடத் தூக்கலாக இருந்தால் நீள முகம். நீளம் சற்றே கூடி, கன்னத்தில் அகன்று, மேலும் கீழும் மெல்லச் சரிந்தால் நீள்வட்டம். சிற்ப நூல்கள் கோழிமுட்டை என்று சொல்லும் முகம் இதுதான். அபனீந்திரநாத் தாகூர் 1914-இல் இந்தியச் சிற்ப அங்க இலக்கணம் பற்றி எழுதியபோது முட்டை முகத்தோடு வெற்றிலை முகத்தையும் சேர்த்துச் சொன்னார். மோவாய்க்கு மாங்கொட்டை, மூக்குக்கு எள்ளுப்பூ. ஆக, அழகுக்கு ஒரே அச்சு என்று அந்த மரபும் நினைக்கவில்லை.

வடிவம் தெரிந்துவிட்டால் தேர்வு எளிது. வட்ட முகத்துக்கு உயரம் வேண்டும்: கரண்ட மகுடத்தின் பாடம். முடியை உச்சியில் சற்றுத் தூக்கி, காதோரம் ஒட்டச் சீவி, பூவைப் பின்னலோடு கீழே தொங்கவிடுங்கள். கன்னத்தின் அகன்ற இடத்தில் வந்து நிற்கும் குண்டு ஜிமிக்கி முகத்தை இன்னும் உருட்டிவிடும். தாடைக்குக் கீழே இறங்கும் காதணி நீட்டிக் காட்டும். நீள முகத்துக்கு நேரெதிர். உச்சியில் உயரம் வேண்டாம். பக்க வகிடு, காதை மூடிவரும் முடி, இரு காதின் பின்னாலும் தெரியும்படி வைத்த மல்லிகை, அகன்ற தோடு, நல்ல வட்டப் பொட்டு. சதுர முகத்தின் தாடைக் கோணத்தை மறைக்க வேண்டியதில்லை. அது உறுதியின் அடையாளம். நெகிழ்ந்த சுருளும் வளையக் காதணியும் அதற்கு இணையாகட்டும். ஜடா மகுடம் செய்கிற வேலை அதுதான். இதய முகத்தில் மேலே ஏற்கெனவே கனம் இருக்கிறது. நெற்றியில் பட்டையான சுட்டியைக் குறைத்து, கீழே விரியும் ஜிமிக்கியால் மோவாயின் இரு பக்கத்தையும் நிரப்புங்கள். நீள்வட்டத்துக்கு எதுவும் பொருந்தும் என்பார்கள். அதனாலேயே அந்த முகக்காரர்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிறார்கள். கொஞ்சம் குறைத்தால் நல்லது.

ஆண்களுக்கும் இதே கணக்குதான். தாடியைக் கன்னத்தில் ஒட்ட வெட்டி மோவாயில் விட்டால் வட்ட முகம் நீளும். நீள முகத்தில் மோவாய்த் தாடி வளர்த்தால் நீளம் இன்னும் கூடும். அவர்களுக்கு மோவாயில் குறைத்து, கன்னத்தில் நிறைந்த தாடியும் நல்ல மீசையும் பொருந்தும். மூக்குக் கண்ணாடி எடுக்கும்போது சட்டத்தின் அகலம் கன்ன எலும்பின் அகலத்தோடு நிற்கட்டும். வட்ட முகத்துக்குக் கோணச் சட்டம், கோண முகத்துக்கு வளைந்த சட்டம்.

இந்த அறிவை இன்றும் கையில் வைத்திருப்பவர்கள் நாட்டியக்காரர்களுக்கும் மணப்பெண்களுக்கும் ஒப்பனை செய்பவர்கள். டிசம்பர், ஜனவரியில் மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்கு வரும் பரதக் கலைஞர்களைப் பாருங்கள். எல்லோருக்கும் தலைசாமான் ஒன்றுதான்: நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கோடி, ஜடை, மாட்டல். நல்ல ஒப்பனைக்காரர் அதை எல்லோருக்கும் ஒரே இடத்தில் கட்டுவதில்லை. அகன்ற நெற்றிக்குச் சுட்டியின் பதக்கத்தைக் கீழே இறக்குவார். குறுகிய நெற்றிக்கு மேலே ஏற்றி, பொட்டைச் சிறிதாக்குவார். சூரியனையும் சந்திரனையும் வகிட்டுக்கு அருகே தள்ளினால் முகம் குறுகும், விலக்கினால் அகலும். அரை விரற்கடையில் முகம் மாறிவிடும். மேடையில் ஆடுபவருக்கும் பின்வரிசை ரசிகருக்கும் இடையில் அத்தனை தூரம். அங்கே போய்ச் சேருவது புறக்கோடு ஒன்றுதான். கடற்கரைக் கோயிலின் உப்புக்காற்று செய்வதை மேடையில் தூரம் செய்கிறது.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில். திருமணம் கூடிவர வேண்டி மாலை அணிந்து வலம்வரும் இளைஞர்களையும் பெண்களையும் அங்கே எந்நாளும் பார்க்கலாம். மாலை எல்லோருக்கும் ஒன்றே. அதை ஏந்தும் முகம் ஒவ்வொன்றும் வேறு. அவர்களில் எத்தனையோ பேரின் காதில் நிறம் பற்றியும் மூக்கு பற்றியும் கன்னம் பற்றியும் உறவினர் சொன்ன சொல் ஏதாவது இருக்கும். அந்தச் சொற்களை நான் வெறுக்கிறேன். பெருமாள் அங்கே வராக முகத்தோடுதான் மணக்கோலத்தில் நிற்கிறார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

பொருந்தாத முகம் என்று ஒன்று கிடையாது. பொருந்தாத மகுடம்தான் உண்டு. அதனால் அலங்காரத்தைத் தேர்ந்தெடுக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பத்திரிகையில் கண்ட கொண்டையையும் கடையில் கண்ட ஜிமிக்கியையும் பிடித்துக்கொண்டு அதற்கு முகத்தை வளைக்காதீர்கள். முதலில் முகத்தை அளந்து அறிந்துகொள்ளுங்கள். பிறகு நகையைக் காதில் வைத்து, பத்தடி தள்ளியுள்ள கண்ணாடியில் மொத்த வடிவத்தையும் பாருங்கள். அந்தத் தூரத்தில் நகை முந்திக்கொண்டு தெரிந்தால் அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் முந்தித் தெரிந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.