கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

2016இல் வெளிவந்த 'வால்ஹல்லா' வீடியோ கேமில் துப்பாக்கியைத் தூக்கவே வேண்டாம். நீங்கள் ஜில். கிளிட்ச் சிட்டி என்ற எதிர்கால நகரத்தில், ஒரு சின்ன பாரில் மது கலந்து தருகிற பெண். ரோபோவும் வருவாள், காவல்படைக்காரியும் வருவாள். உட்கார்ந்ததும் மனக்குறையை அவிழ்த்துவிடுவார்கள்.

பதில் சொல்ல வசனத் தேர்வு எதுவும் கிடையாது. கோப்பைதான் பதில். ஐந்து சரக்குகள்; அவற்றில் கார்மோட்ரின்தான் போதை. சில பானங்களில் அதைக் கொஞ்சம் தாராளமாக விட்டால், எதிரே இருப்பவரின் நாக்கும் தாராளமாகிவிடும். வீட்டுக்கு ஆசைப்பட்ட பொருளை வாங்காமல் வந்தால் ஜில்லுக்கு வேலையில் கவனம் சிதறும். அப்போது கேட்ட ஆர்டரை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். சம்பளக்காரர்களுக்குப் புரியும்.

விமர்சகர்கள் எழுத்தையும் பாத்திரங்களையும் இசையையும் கொண்டாடினார்கள். கலக்கும் வேலை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி, சலிக்கிறது என்றும் சிலர் குறைபட்டார்கள். அது குறைதானா? எந்த டீ மாஸ்டரையும் கேட்டுப் பாருங்கள். கை தானாக ஓடினால்தான் காது சும்மா இருக்கும். நடுவில் கதை சற்று இழுக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உருவாக்கிய சுகேபன் கேம்ஸ் வெனிசுலாவில் தொடங்கியது. தட்டுப்பாட்டை அறிந்தவர்கள் என்பது ஜில்லின் வாடகைக் கவலையிலேயே தெரிகிறது. ஷிஃப்ட் தொடங்குமுன் ஜூக்பாக்ஸில் பாட்டுகளை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். அதற்கே நான் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வேன்.