ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடி

2025 ஏப்ரல் 26 அன்று ஹைதராபாத்தில் சூர்யாவின் 'ரெட்ரோ' படத்துக்கு ஒரு விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் விஜய் தேவரகொண்டா. பஹல்காம் தாக்குதல் நடந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றிப் பேசும்போது, ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ட்ரைபல்ஸ் மாதிரி, குறைந்தபட்ச அறிவுகூட இல்லாமல் சண்டை போடுகிறார்கள் என்கிற பொருளில் ஒரு வரி சொன்னார். பேச்சோடு பேச்சாகப் போய்விடக்கூடிய வரிதான். போகவில்லை. பழங்குடி வழக்கறிஞர்கள் போலீஸில் புகார் கொடுத்தார்கள். மே 3 அன்று நடிகர் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஜூன் மாதம் எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது.

அந்த வீடியோவை நான் சித்தேரியில், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். காட்டியது என் சித்தப்பா மகன். 'கீத கோவிந்தம்' காலத்திலிருந்தே அவன் தேவரகொண்டாவின் வெறியன். தாடி வைப்பதிலிருந்து சட்டைப் பட்டனைக் கழற்றிவிடுவது வரைக்கும் அவர்தான்.

"அண்ணா, அவரு நம்மளச் சொல்லலண்ணா. ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடி இருந்தவங்களத்தான் சொன்னாரு."

"ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடி நாம எங்கடா இருந்தோம்?"

கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னான். "காஞ்சிபுரத்துல."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்த அறிக்கையைப் பார்த்துவிடலாம். பிரபலங்களின் மன்னிப்பு அறிக்கை இப்போது தனியான ஓர் எழுத்து வகையாகவே ஆகிவிட்டது. கதையை, கவிதையை வாசிப்பதுபோல அதையும் வரிவரியாக வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேவரகொண்டாவின் அறிக்கையில் நான்கு அடுக்குகள் உண்டு. முதலில், யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, பட்டியல் பழங்குடிகள் மீது தனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு என்கிறார். இரண்டாவது, ஒற்றுமையைப் பற்றிப் பேசும் நான் எப்படி ஒரு பிரிவினரை வேறுபடுத்துவேன் என்று கேட்கிறார். மூன்றாவது, அந்தச் சொல்லை வரலாற்றுப் பொருளில், அகராதிப் பொருளில் பயன்படுத்தினேன். பட்டியல் பழங்குடி என்கிற வகைப்பாடே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்ததுதானே என்கிறார். ஆங்கில அகராதியின் விளக்கமும் கூடவே வருகிறது. கடைசியில், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால், புண்படுத்தியிருந்தால், வருந்துகிறேன் என்று முடிக்கிறார்.

இதில் அதிகம் கவனிக்க வேண்டியது அந்த 'இருந்தால்'. புண்பட்டது உண்மையா இல்லையா என்பதையே அது சந்தேகத்தில் வைக்கிறது. இவர் மட்டும் இப்படி எழுதுவதில்லை. 2020இல் யுவராஜ் சிங், ரோஹித் சர்மாவுடன் நேரலையில் பேசும்போது சக வீரர் யுஸ்வேந்திர சஹலைக் கிண்டல் செய்ய, துப்புரவுத் தொழிலோடு ஒட்டவைக்கப்பட்ட ஒரு சாதியின் பெயரைச் சொன்னார். பிறகு வந்த அறிக்கையிலும் இதே 'இருந்தால்'தான். நண்பர்களோடு பேசியதைத் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்பதும் அதில் இருந்தது. ஆக, பிழை சொன்னவரிடமிருந்து கேட்டவரின் காதுக்கு மாறிவிடுகிறது.

அகராதியைத் துணைக்கு அழைப்பதும் புதிதில்லை. 2023 நவம்பரில் குஷ்பு 'சேரி மொழி' என்று எழுதினார். எதிர்ப்பு வந்ததும், பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு 'அன்புக்குரிய' என்று பொருள் என்றார். ஒரு காலத்தில் திருச்சிப் பக்கம் ரசிகர்கள் கோயிலே கட்டிய நடிகை அவர். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, தமிழில் சண்டை போட்டுக்கொண்டு, 'சேரி' என்ற சொல்லுக்கு அர்த்தம் தேட பாரிஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது! ஒருவர் பிரெஞ்சு அகராதியைத் திறக்கிறார், இன்னொருவர் ஆங்கில அகராதியை. அந்தச் சொல்லால் அழைக்கப்படுகிறவர்களிடம் போய், உங்க காதுல இது எப்படி விழுதுங்க என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த அறிக்கைகள் எல்லாமே நோக்கத்தைச் சுற்றி வருவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொதுவெளியில் அவமதிப்பதைக் குற்றமாக்கும் பிரிவு, அவமானப்படுத்தும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கிறது. சட்டம் அப்படித்தான் கேட்க முடியும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் விஷயம். அதனால் மன்னிப்பு அறிக்கை நீதிமன்றத்தை மனதில் வைத்தே எழுதப்படுகிறது. என் சிக்கல், நாமும் நீதிமன்றம் மாதிரியே பேச ஆரம்பித்துவிடுகிறோம் என்பதுதான். "அவர் மனசு எங்களுக்குத் தெரியும்" என்கிறார்கள் ரசிகர்கள். "அவன் மனசு இப்பத்தான் தெரிஞ்சது" என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். ரெண்டு பக்கமும் பேசுவது நட்சத்திரத்தின் மனசைப் பற்றித்தான். பழங்குடி என்கிற ஆளைப் பற்றி அந்த ஒரு வாரத்தில் யாரும் எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை.

நோக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வரியை உவமையாக மட்டும் பார்க்கலாம். உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று தொல்காப்பியம் நினைக்கிறது. வசையில் இது தலைகீழாகும். இருப்பதிலேயே தாழ்ந்தது எது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பொருள் உவமையாக வரும். ஒப்புக்கொண்டிருப்பது முக்கியம். "பழங்குடி மாதிரி சண்டை போடுறாங்க" என்றதும் அரங்கத்துக்குப் புரிய வேண்டுமானால், பழங்குடி என்றால் அறிவில்லாமல் அடித்துக்கொள்கிறவர்கள் என்கிற படம் அரங்கத்தில் இருப்பவர்களின் தலைக்குள் முன்கூட்டியே தொங்க வேண்டும். தொங்கியது. யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அந்தப் படம் உண்மையா என்று வரலாற்றிலும் பார்க்கலாம். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இந்த நாட்டில் பெரிய பெரிய சண்டை போட்டவர்கள் யார்? 1526இல் பானிபட். 1565இல் தலைக்கோட்டை. யானை, குதிரை, பீரங்கியோடு போனவர்கள் அரசர்கள். யாராவது "ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய மன்னர்கள் மாதிரி அறிவில்லாமல்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மன்னர்கள் என்றதும் நமக்கு பிரம்மாண்டமான படம்தான் வருகிறது, பான் இந்தியா வெளியீட்டோடு.

இப்படிப்பட்ட படங்கள் தலைக்குள் தொங்கினால் என்ன ஆகும்? எங்கள் மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள், கடத்திய சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று அந்த ஊருக்குள் போனார்கள். ஆட்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள்; மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஓர் ஊரையே 'கடத்தல்காரன் ஊர்' என்று ஒரு சொல்லுக்குள் அடைத்த பிறகுதான் 269 பேரால் உள்ளே நுழைய முடிந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதில் சித்தேரி மலைப்பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. அன்றைக்கும் செய்தியில் அவர்களுக்கு முதலில் கிடைத்த பெயர் செம்மரக் கடத்தல்காரர்கள். பிறகுதான் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் என்ற பேச்சே வந்தது.

ஒரு நடிகர் மேடையில் சொன்ன வரியையும் வாச்சாத்தியையும் ஒரே தராசில் வைக்கிறேனா? இல்லை. தேவரகொண்டா யாரையும் அடிக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தை அறிவில்லாதவர்கள், காட்டுத்தனமானவர்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லும் பழக்கம் ஊரில் பொதுச் சொத்தாக இருக்கிறது. நட்சத்திரம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவு செய்கிறார். லத்தி வைத்திருப்பவரும் அதே சொத்திலிருந்துதான் எடுக்கிறார்.

இப்போது காஞ்சிபுரம்.

எங்கள் சமூகத்தின் பெயர் மலையாளி. கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்வார்கள். அரூர் கடைவீதியில் பெயரைச் சொன்னால் "எந்த ஊரு, பாலக்காடா?" என்று கேட்டவர்கள் உண்டு. பெரியவர்கள் சொல்லும் கதைப்படி நாங்கள் காஞ்சிபுரத்து வெள்ளாளர்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் அங்கிருந்து கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் ஏறினார்கள். சாதிச் சான்றிதழில் பழங்குடி, கதையில் வெள்ளாளர். ரெண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். தம்பி காஞ்சிபுரம் என்று சொன்னதும் சிரிப்பு வந்தது இதனால்தான். நடிகர் அகராதிக்குள் ஓடி ஒளிந்தார், தம்பி காஞ்சிபுரத்துக்குள். "நம்மளச் சொல்லல, வேற யாரையோ சொல்றாங்க." அந்த வேறு யாரோ இருக்கும்வரை எல்லோருக்கும் நிம்மதி.

நானும் அப்படி ஒளிந்தவன்தான். கல்லூரி விடுதியில் என் அறையில் ஓர் இருளர் பையன் இருந்தான். அவனுக்கு 'எலி' என்று பெயர் வைத்தது நான். அன்பாகத்தான் கூப்பிட்டோம் என்று இப்போதும் சொல்லத் தோன்றுகிறது. அவனும் சிரிப்பான். அந்த வருடங்களில் விடுதியில் யாரும் என்னைக் காட்டுவாசி என்று சொல்லவில்லை. எனக்குக் கீழே ஒருவனைக் காட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

2021இல் 'ஜெய் பீம்' வந்தபோது இங்கே பலரைப் போல நானும் அழுதேன். வயலில் எலி பிடிக்கும் காட்சியில் மட்டும் அழவில்லை. போனை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். பின்னாளில் 'ரெட்ரோ' மேடையில் விழுந்த அந்த வரி என்னை அதிகம் உறுத்தியதற்கு அது சூர்யாவின் மேடை என்பதும் காரணம். இருளருக்காக வாதாடும் வக்கீலாக நடித்தவரின் விழாவிலேயே பழங்குடி என்பது வசையாகப் புழங்க முடிகிறது. படம் பார்த்து அழுவது வேறு, தலைக்குள் தொங்கும் படம் மாறுவது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது.

டேரன் சமி நினைவுக்கு வருகிறார். சன்ரைசர்ஸ் அணியில் ஆடியபோது அவரை ஒரு செல்லப்பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். வலிமையானவன் என்று அர்த்தம் போல என எண்ணி அவரும் சிரித்திருக்கிறார். அது கறுப்பன் என்று நிறத்தைச் சுட்டும் சொல் என்று 2020இல்தான் அவருக்குத் தெரிந்தது. கோபத்தோடு கேட்டார். பிறகு ஒரு சக வீரர் பேசினார்; அன்பினால்தான் அழைத்தோம் என்றார். சமி ஏற்றுக்கொண்டார். ஊரும் அதோடு அப்பாடா என்று முடித்துக்கொண்டது. ஆனால் அன்பாக அழைக்க, இருக்கிற இத்தனை சொற்களில் அந்தச் சொல்தான் ஏன் கைக்கு வந்தது? அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது. என் 'எலி'யிலும் அதே கேள்விதான் நிற்கிறது.

மன்னிப்பு அறிக்கையில் நான் தேடுவது இதைத்தான். "என் நோக்கம் அதுவல்ல" என்பதை நம்பிவிடுகிறேன், பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த வரி வேண்டும்: "உங்களைப் பற்றி என் தலைக்குள் இப்படி ஒரு படம் இருந்தது. நான் கவனிக்காமலே அதை எடுத்து நீட்டிவிட்டேன்." அதில் அகராதிக்கு வேலையில்லை, 'இருந்தால்' தேவையில்லை. இப்படி ஒரு வரியை எந்தப் பிரபலமும் எழுதி நான் படித்ததில்லை. எழுதினால் வழக்குக்கு ஆகாது என்று வக்கீல் சொல்வார் என்பதும் தெரியும். ஆனால் வழக்குக்குப் பயப்படத் தேவையில்லாத ரசிகர்கள் நாம் அதைச் சொல்லலாமே? பிடித்த நடிகரைக் காப்பாற்ற ஓடுவதற்கு முன்னால், அந்த வரி எனக்கு ஏன் உடனே புரிந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

2025 ஜூலை கடைசியில் தேவரகொண்டாவின் 'கிங்டம்' வந்தது. ஒரு பழங்குடிக் கூட்டம் தங்களைக் காப்பாற்ற வரப்போகும் அரசனுக்காகக் காத்திருக்கிறது. வருகிற அரசன் அவர்தான். இதைச் சதி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். படம் எப்போதோ எடுக்கத் தொடங்கியது. மேடையில் அறிவில்லாதவர்கள், திரையில் அரசனுக்காகக் காத்திருப்பவர்கள். ரெண்டும் ஒரே படத்தின் முன்பக்கமும் பின்பக்கமும்.

தம்பி படம் பார்த்துவிட்டு வந்தான். நல்லாருக்குடா என்கிறானா என்று பார்த்தேன். "சண்டையெல்லாம் சூப்பர்ணா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களுக்குள்ளயே ஒருத்தன ராஜாவா வெச்சிக்க மாட்டாங்களாண்ணா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவன் இன்னும் தேவரகொண்டா ரசிகன்தான், இருக்கட்டும்.

என்னிடம் அந்த விடுதி நண்பனின் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் என்ன சொல்வது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் வாயில் முதலில் வருவது "நான் வேணும்னு சொல்லலடா" என்பதுதான். அந்த வாக்கியம் போன பிறகு கூப்பிட வேண்டும்.