அல்பன் பேர்க்கின் வயலின் கொன்சேர்ட்டோ: கேட்போர்க்கு ஓர் அறிமுகம்

பன்னிரு சுர முறையில் அமைந்த இசை கணிதமேயன்றிக் கலையன்று என்பது அடிக்கடி எழும் குற்றச்சாட்டாகும். ஆர்னோல்ட் ஷொன்பேர்க் 1920களில் வகுத்த இம்முறையிலே, பன்னிரு சுரங்களும் ஒரு வரிசையில் நிறுத்தப்பட்டு, அவ்வரிசையினின்றே படைப்பு வளர்த்தெடுக்கப்படுகின்றது. இக்குற்றச்சாட்டுக்கு அவரது மாணவரான அல்பன் பேர்க் 1935இல் இயற்றிய வயலின் கொன்சேர்ட்டோ தக்கதோர் உரைகல்லாகும்.

வயலின் கலைஞர் லூயிஸ் கிராஸ்னரின் வேண்டுகோளுக்கிணங்கப் பேர்க் எழுத ஒப்பிய இப்படைப்பு, அவ்வாண்டு ஏப்ரிலில் மனோன் குரோப்பியஸ் என்னும் 18 வயதுப் பெண் இளம்பிள்ளைவாதத்தால் இறந்ததையடுத்தே உருப்பெற்றது. ஒரு தேவதையின் நினைவுக்கென அதனைக் காணிக்கையாக்கிய பேர்க், டிசெம்பரில் தாமும் மறைந்தார். 1936 ஏப்ரிலில் பார்சிலோனாவில் அது முதன்முதலாக இசைக்கப்பட்டதை அவர் கேட்கவில்லை.

படைப்பு இரு பகுதிகளையுடையது. ஒவ்வொன்றும் மேலும் இரண்டாகப் பிரியும். தொடக்கத்தில் வயலினின் நான்கு வெறுந்தந்திகளும் மெல்ல மீட்டப்படுகின்றன. இசைக்கருவியைச் சுருதி சேர்ப்பது போன்ற இவ்வெளிய ஒலிகளைச் சூழவே சுரவரிசை கட்டப்பட்டுள்ளது. மேஜர், மைனர் கூட்டுகள் மாறிமாறி அதனுள் அடங்கியிருத்தலால், பழைய இசைக்குப் பழகிய செவியும் இங்கு வழிதவறுவதில்லை. அடுத்து நடனத்தின் துள்ளலும் கரிந்தியா நாட்டார் பாடலொன்றும் இளமையின் சாயலைத் தருகின்றன.

இரண்டாம் பகுதி கொந்தளிப்புடன் எழுந்து, பேரோசையில் உச்சமடைந்து தணிகின்றது. அப்பொழுது, 'போதும்' எனப் பொருள்படும் தலைப்புடைய, பாஹ் சுரக்கூட்டுகள் அமைத்த தேவாலயப் பாடலின் மெட்டினை வயலின் தொடங்குகின்றது. கிளாரினெற்றுகள் ஓர்கன் போலப் பாஹின் சுரக்கூட்டுகளிலேயே விடையிறுக்கின்றன. இது வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்ட மேற்கோளன்று. அம்மெட்டின் முதல் நான்கு சுரங்கள் ஒவ்வொரு முழுச்சுர இடைவெளியில் ஏறுவன. பேர்க்கின் வரிசையினது இறுதி நான்கு சுரங்களும் அவ்வாறே ஏறுகின்றன. ஆகவே இரங்கற்பா வரிசையின் கருவிலேயே உறைந்துள்ளது எனலாம்.

மனோனின் கதையை அறிந்தோர், கொன்சேர்ட்டோவை அவளது வாழ்க்கைச் சித்திரமாக மட்டுமே கேட்கும் அபாயம் உண்டு. அவ்வாறு கேட்பின் அதன் கட்டுக்கோப்பு செவிக்கு எட்டாது போகும். மாறாக, வரிசையை எண்ணிக்கொண்டே கேட்போர்க்கு அதன் துயர் எட்டாது. முடிவிலே வயலின் உச்சத்தில் நீண்டொலிக்க, தொடக்கத்து வெறுந்தந்திச் சுரங்களின் எதிரொலி மீண்டும் எழுகின்றது. உருவமும் உணர்வும் வெவ்வேறல்ல என்பதை அவ்விடத்தே செவி தானாக உணரும். முறை கலையைக் கொல்வதில்லை. கலைஞனிடம் சொல்லுதற்கு எதுவுமில்லாதபோதே முறை வெறுங்கணக்காகின்றது.