எரிக் கேஸ்ட்னரும் அவருடைய சிறுவர்களும்

1965-ல் வெளிவந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தைப் பார்த்து ரசித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. பிரிந்து வாழும் தாய் தகப்பனை, இரட்டைப் பெண் குழந்தைகள் இடம் மாறிச் சென்று சேர்த்து வைக்கிற கதை. குட்டி பத்மினி இரண்டு வேஷங்களையும் ஏற்று நடித்தார். 1961-ல் ஹாலிவுட்டில் எடுத்த ‘தி பேரண்ட் ட்ராப்’ என்ற படம் அதற்கு ஆதாரம் என்பது சினிமா அபிமானிகளுக்குத் தெரியும். அதற்கும் பின்னால் 1949-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் நாவல் இருக்கிறது. அதை எழுதியவர் எரிக் கேஸ்ட்னர். கதை கடல் தாண்டிக் கோடம்பாக்கம் வரை வந்துவிட்டது. கதாசிரியர் பெயர் வழியில் எங்கோ தங்கிவிட்டது.

குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களுக்கு இது வழக்கமான கதிதான். குழந்தை கதையை நினைவில் வைத்துக்கொள்ளும். அட்டையில் உள்ள பெயரைப் பார்ப்பதில்லை. ஆனால் கேஸ்ட்னர் விஷயத்தில் பெரியவர்களாவது பெயரையும் வாழ்க்கையையும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தைரியத்தைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதியவர் அவர். தைரியம் தேவைப்பட்ட பன்னிரண்டு வருஷங்கள் அவர் வாழ்க்கையிலேயே வந்தன. அந்தப் பன்னிரண்டு வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்று கேட்காமல் அவருடைய புஸ்தகங்களைப் புகழ்ந்துவிட்டுப் போவது விமரிசனம் ஆகாது.

கேஸ்ட்னர் 1899 பிப்ரவரி 23-ம் தேதி டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். தகப்பனார் தோல் வேலை தெரிந்த சேணத் தொழிலாளி. சொந்தத் தொழில் நடக்காமல் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் கூலிக்குப் போனவர். வருமானம் போதாததால் தாயார் ஈடா, முப்பது வயதுக்கு மேல் தலை அலங்காரத் தொழில் கற்றுக்கொண்டு வீட்டிலேயே அதைச் செய்தார். ஒரே பிள்ளை. பிள்ளைக்காகவே வாழ்ந்த தாய் என்று சொன்னால் நமக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்கும். ஆனால் மனம் உடைந்துபோன நாட்களில் அந்தத் தாய் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போய்விடுவாள். பிள்ளை டிரெஸ்டன் பாலங்களுக்கு ஓடி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயைக் கண்டுபிடித்து அழைத்து வருவான். இதை அவரே 1957-ல் எழுதிய ‘நான் சிறுவனாக இருந்தபோது’ என்ற நூலில் சொல்லியிருக்கிறார். அவருடைய கதைகளில் வரும் ‘நல்ல பிள்ளைகள்’ ஏன் அவ்வளவு பொறுப்போடு, கொஞ்சம் பயத்தோடும் நல்லவர்களாக இருக்கிறார்கள் என்பது அந்தப் பாலங்களை அறிந்தவர்களுக்குப் புரியும்.

வாத்தியார் வேலைக்குப் படித்தார். 1917-ல் பட்டாளத்துக்கு இழுத்தார்கள். அங்கே கொடுத்த கடும் பயிற்சியில் இருதயம் கெட்டது. யுத்தம் முடிந்ததும் வாத்தியார் வேலை வேண்டாம் என்று விட்டு, லைப்ஸிக் சர்வகலாசாலையில் இலக்கியம் படித்து, 1925-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பத்திரிகையில் சேர்ந்து, தான் எழுதிய ஒரு காதல் கவிதை காரணமாக 1927-ல் அந்த வேலையை இழந்து, பெர்லினுக்குப் போனார். அங்கே ஈடித் யாகோப்ஸன் என்ற பதிப்பாளர் அம்மாள், குழந்தைகளுக்கு ஒன்று எழுதிப் பாருங்களேன் என்று சொன்னார். அப்படிப் பிறந்தது 1929-ல் வந்த ‘எமிலும் துப்பறியும் சிறுவர்களும்’.

கதை மிகவும் சின்னது. எமில் சிற்றூர்ப் பையன். அவன் தாய் தலை அலங்காரம் செய்து பிழைப்பவள். பெர்லினில் இருக்கும் பாட்டிக்குக் கொடுக்கச் சொல்லி அவள் பணம் தருகிறாள். வழிச்செலவுக்கும் சேர்த்து மொத்தம் 140 மார்க். பையன் அதைச் சட்டைப் பையில் குண்டூசியால் குத்தி வைத்துக்கொள்கிறான். ரெயிலில் தூங்கிவிடுகிறான், எதிரில் இருந்தவன் பணத்தைத் திருடிவிடுகிறான். போலீஸிடம் போகப் பையனுக்குப் பயம். ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்குச் சாயம் பூசி மீசை வரைந்த குற்றம் அவன் நெஞ்சை உறுத்துகிறது. பெர்லின் தெருப் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து திருடனைப் பின்தொடர்ந்து பிடிக்கிறார்கள். நோட்டுகள் எமிலுடையவைதான் என்று நிரூபிப்பது எது? அவற்றில் இருக்கும் குண்டூசித் துளைகள்.

குண்டூசித் துளையை நினைத்துப் பாருங்கள். அதுவரை குழந்தைகளின் வீரக் கதை என்றால் தீவு, கப்பல், காட்டுவாசிகள் என்றுதான் இருக்கும். கேஸ்ட்னர் தன் முன்னுரையில் அதைக் கேலி செய்கிறார். தென்கடல் தீவைப் பற்றி நாவல் எழுதப் போனதாகவும், தெரிந்ததை எழுதுங்கள் என்று ஓட்டல் பரிசாரகர் ஒருவர் புத்தி சொன்னதாகவும் சொல்கிறார். தெரிந்தது டிராம் வண்டி, டெலிபோன், சந்துமுனை, ஏழைத் தாயின் பணம். பணம் எவ்வளவு என்பதைச் சொல்லி, அதை ஈட்ட எத்தனை தலைகளுக்கு அலங்காரம் செய்ய வேண்டும் என்பதையும் உணர்த்திவிட்டால், அதைத் திருடுவது எவ்வளவு பெரிய பாதகம் என்பதைக் குழந்தைக்குத் தனியாக உபதேசிக்க வேண்டியதில்லை. நாவல் எழுதுகிற நாங்களும் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இந்தக் கதையில் என் மனசைக் கவர்ந்தவன் எமில் அல்ல. டியென்ஸ்டாக் என்று ஒரு சின்னப் பையன் வருகிறான். பெயருக்குச் ‘செவ்வாய்க்கிழமை’ என்று அர்த்தம். மற்றவர்கள் திருடனைத் துரத்திக்கொண்டு ஊர் சுற்றும்போது, செய்தி வந்தால் சொல்வதற்காக வீட்டில் டெலிபோன் அருகே உட்கார்ந்திருக்க வேண்டியது இவன் வேலை. ஓடிப் போய் வேடிக்கை பார்க்க ஆசைதான்; போகவில்லை. கடைசியில் எமிலின் பாட்டி எல்லாருக்கும் முன்னால் இவனைத்தான் விசேஷமாகப் பாராட்டுகிறாள். யாரும் கைதட்டாத இடத்தில் தன் கடமையைச் செய்து உட்கார்ந்திருப்பதும் தைரியந்தான் என்று ஒரு பாட்டி வாயால் சொல்லிவிடுகிறார் ஆசிரியர்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். எமிலின் தாயாருடைய சகோதரி பெண் சைக்கிளில் துடிப்பாக வந்து சேர்கிறாள். ஆனால் பையன்களுக்குக் காலைப் பலகாரம் பரிமாறுவதுதான் அவளுக்குக் கிடைக்கும் வேலை. பிற்காலத்து ‘இரட்டை லோட்டி’யில், பெண் குழந்தைகள் இருவர் கையில் கதை முழுவதையும் ஒப்படைக்கும் அளவுக்கு அவர் வளர்ந்தார். அதற்கு இருபது வருஷம் ஆயிற்று.

1933 வந்தது. ஆட்சி நாஜிகள் கையில் போயிற்று. மே 10-ம் தேதி இரவு பெர்லின் ஆப்பரா சதுக்கத்தில் மாணவர்கள் புஸ்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். எழுத்தாளர்கள் பெயரை உரக்க வாசித்து நெருப்பில் போட்டார்கள். கேஸ்ட்னர் பெயரையும் வாசித்தார்கள். அவர் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு கூவினாள். அவர் அங்கிருந்து நழுவிப் போனார். தடைப் பட்டியலில் ‘எமில்’ மட்டும் அப்போது விலக்குப் பெற்றிருந்தது.

அதே 1933-ல்தான் ‘பறக்கும் வகுப்பறை’ வெளிவந்தது. விடுதிப் பள்ளி ஒன்றின் கதை. பகைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இவர்களுடைய நோட்டுப் புஸ்தகங்களை எரித்துச் சாம்பலைக் கொடுத்தனுப்புகிறார்கள். ஊலி என்ற பயந்தாங்கொள்ளிப் பையன், தன் தைரியத்தை நிரூபிக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு உயரத்திலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொள்கிறான். அதே ஊலியை ஒரு நாள் மற்றப் பையன்கள் குப்பைக் கூடையில் போட்டு மேலே தொங்க விட்டுவிடுகிறார்கள். உள்ளே வந்த வாத்தியார், செய்தவன் யார் என்று துருவிக்கொண்டு நிற்பதில்லை. ஒரு தீங்கு நடந்தால் அதைச் செய்தவன் மட்டுமல்ல, தடுக்காதவனும் குற்றவாளி என்ற கருத்தில் ஒரு வாக்கியம் சொல்லி, அதை எல்லாரும் ஐந்து முறை எழுதி வரவேண்டும் என்கிறார்.

இந்த வாக்கியத்தை எழுதியவர் பிறகு என்ன செய்தார்? நாட்டைவிட்டுப் போகவில்லை. ஈடித் யாகோப்ஸன் வெளியேறினார். ‘எமில்’ கதைக்குச் சித்திரம் வரைந்த வால்டர் டிரியர் 1936-ல் லண்டன் போனார். கேஸ்ட்னர் பெர்லினிலேயே இருந்தார். தாயாரை விட்டுப் போக முடியாது என்பது ஒரு காரணம். நடப்பதைக் கண்ணால் பார்த்துப் பிற்பாடு பெரிய நாவலாக எழுத வேண்டும் என்பது இன்னொரு காரணம். கெஸ்டபோ அவரை இரண்டு தரம் பிடித்து விசாரித்து விட்டது. உள்நாட்டில் எழுதத் தடை. வெளிநாட்டில் வேடிக்கைக் கதைகள் வெளியிட்டார். அரசாங்கத்தின் பிடியில் இருந்த ஊஃபா ஸ்டூடியோ தன் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்கு எடுத்த ‘மியூன்ஷ்ஹௌசன்’ என்ற படத்துக்கு, புனைபெயரில் கதை வசனம் எழுதிக் கொடுத்தார். அது 1943-ல் வெளிவந்தது.

அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவர், எரிக் ஓசர், எரிக் க்னாஃப். நாஜிகளைக் கேலி பேசியதை யாரோ காட்டிக் கொடுத்தார்கள். ஓசர் 1944 ஏப்ரலில் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். க்னாஃப் மே 2-ம் தேதி சிரச்சேதம் செய்யப்பட்டார். மூன்று எரிக்குகளில் ஒருவர் மட்டும் மிஞ்சினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘எமில்’ 1931-ல் படமாக வந்தபோது அதில் எமிலாக நடித்த ரோல்ஃப் வென்க்ஹௌஸ் 1942-ல் போர் விமானத்தில் இறந்தான். டியென்ஸ்டாக்காக நடித்த ஹான்ஸ் லோர், கேஸ்ட்னருக்குக் கடிதம் எழுதி அவருடன் பழகிய பையன். அவனும் அதே வருஷம் ருஷ்யப் போர்முனையில் இறந்தான். டெலிபோன் அருகே சொன்னபடி உட்கார்ந்திருந்த பிள்ளையை இன்னொருவர் போகச் சொன்னார், போனான். கீழ்ப்படிதலைப் புகழ்ந்த கதைக்கு இதைவிடக் கொடிய பின்னுரை இருக்க முடியாது.

யுத்தத்துக்குப் பிறகு கேஸ்ட்னர் ம்யூனிக்கில் பத்திரிகை நடத்தினார். ‘மிருகங்களின் மகாநாடு’, ‘இரட்டை லோட்டி’ இரண்டும் 1949-ல் வந்தன. 1957-ல் ப்யூக்னர் பரிசும் 1960-ல் ஹான்ஸ் ஆண்டர்சன் பரிசும் பெற்றார். 1974 ஜூலை 29-ம் தேதி காலமானார். எழுதுவதாகச் சொன்ன பெரிய நாவல் வரவேயில்லை. குழந்தைப் பருவ நினைவுகள் 1914-ல் நின்றுவிடுகின்றன. 1961-ல் வெளியிட்ட நாட்குறிப்பு 1945-ல்தான் தொடங்குகிறது. சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருந்த யுத்தகால நோட்டுப் புஸ்தகம் முழுமையாக அச்சானது 2018-ல். நாவலுக்கான குறிப்புகள் அதில் இருக்கின்றன, நாவல் இல்லை.

ஏன் எழுத முடியவில்லை? அந்தக் காலத்தை நாவலாக எழுதினால், பார்த்துக்கொண்டு நின்ற ஒருவன் அதன் நடுவில் வந்தே தீர வேண்டும். அவனைப் பற்றி ‘பறக்கும் வகுப்பறை’யின் வாத்தியார் 1933-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பைத் தாண்டி எழுதக் கேஸ்ட்னருக்கு வழி இருக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சிலர், அந்த நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. ஓசரும் க்னாஃபும் அப்படி இருக்கவில்லை. வேறு சிலர், சொன்னபடி நடக்காதவனுடைய புஸ்தகத்தைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. கேஸ்ட்னர் அந்த வாக்கியத்தைப் பிற்காலப் பதிப்புகளிலிருந்து நீக்கிவிடவில்லை. 1958-ல் ஹாம்பர்க் நகரில், புஸ்தகங்கள் எரிந்த அதே மே 10-ம் தேதி பேசும்போது, அன்றிரவு தான் குரல் எழுப்பவில்லை என்பதைத் தானே சொன்னார். பனி உருண்டையாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும், சரிவாக உருண்டு வந்த பிறகு யாராலும் முடியாது என்று எச்சரித்தார். தான் மீறிய சட்டத்தைச் சட்டமாகவே விட்டுவைத்தார்.

‘எமில்’ கதையிலேயே அவர் தன்னையும் ஒரு பாத்திரமாக வைத்திருக்கிறார். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் டிராமில் தவிக்கும் எமிலுக்கு, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒருவர் டிக்கெட் வாங்கிக் கொடுக்கிறார். பிறகு பத்திரிகையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார். அவர்தான் கேஸ்ட்னர் என்பது பின்னால் தெரிகிறது. திருடனைத் துரத்துவது அவர் வேலையாக இல்லை. அது பையன்கள் வேலை. 1929-ல் விளையாட்டாக எழுதிய அந்தச் சிறு காட்சியில், தன்னால் ஆவது எவ்வளவு என்பதை அவர் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்.

பத்து வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் முதலில் ‘எமிலை’க் கொடுங்கள், பிறகு ‘பறக்கும் வகுப்பறை’யைக் கொடுங்கள். ஆசிரியர் கதையை அப்போது சொல்ல வேண்டியதில்லை. வாத்தியார் சொன்ன வாக்கியத்தைப் பற்றி என்றாவது அந்தக் குழந்தை உங்களிடம் கேட்கும். அன்றைக்கு முழுவதையும் சொல்லிவிடுங்கள்.